அடிக்கிறான் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் குழந்தைகளில் சிலர் அடிப்பதையும் கடிப்பதையும் அது ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. பெற்றோர் தினமும் திண்டாடுவது அங்கேதான்.

நான் அரசுப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர். வகுப்பில் இப்படி ஒரு பையன் அடித்துவிட்டால் உடனே அம்மாவுக்கு போன் போகும். அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கூட்டிக்கொண்டு போவார். வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் பையன் அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன? சத்தமும் கூட்டமும் தாங்க முடியாதபோது பக்கத்தில் இருப்பவனை அடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான். சரியாகப் பேச்சு வராத பிள்ளைக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தரும் வழி வேறில்லை. மறுநாளும் அடிப்பான்.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மதியமானால் தன் கையையே கடித்துக்கொள்வான், பக்கத்துப் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுப்பான். வகுப்பாசிரியையிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாம் என்ன செய்தோம் என்று மூன்றே பத்தி. சில நாளிலேயே விஷயம் புரிந்துவிட்டது. சத்துணவு வரிசையில்தான் ஆரம்பிக்கிறது. எவர்சில்வர் தட்டுகள் மோதும் சத்தம், பின்னால் இருந்து தள்ளும் பிள்ளைகள். மணி அடிப்பதற்கு முன்பே அவனை மட்டும் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். வராண்டா படம் ஒட்டிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து, வெளியே போக வேண்டுமென்றால் அதைக் காட்டப் பழக்கினோம். அட்டையைக் காட்டினால் உடனே விட வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது. 'இரு, அப்புறம் போகலாம்' என்று சொல்லிவிட்டால் பிள்ளை பழையபடி கையைத்தான் ஓங்கும். முடி இழுப்பது ஒரேயடியாக நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது.

இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. அடிப்பதற்குப் பதிலாக உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தால் அடிப்பது குறைகிறது என்று கார், டுராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1985-லேயே காட்டிவிட்டார்கள்.

இதுவரை சும்மா இருந்த குழந்தை திடீரென்று அடிக்கவோ தலையை முட்டிக்கொள்ளவோ ஆரம்பித்தால், முதலில் வாயைத் திறந்து பாருங்கள். சொத்தைப் பல், காதுவலி, பல நாள் மலச்சிக்கல் எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்?

'ரெண்டு போடு போட்டால் சரியாகிவிடும்' என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே பயந்து போயிருக்கும் குழந்தைக்கு அது இன்னும் பயத்தைத்தான் தரும். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. கடுமையான கோபத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்றவற்றை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், சில குழந்தைகளுக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் அதனால் எடை கூடும், தூக்கம் வரும், ஆட்டிசம் குணமாகாது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. மாத்திரை ஆரம்பித்த வீட்டிலும் அந்த மூன்று பத்தி நோட்டு தொடர வேண்டும்.

எங்கே போவது என்று தெரியாத பெற்றோர் மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம்) எங்கே என்று கேட்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது.

தலைமை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கற்பிப்பது பள்ளியின் கடமை. அம்மாவுக்கு போன் போடுவதற்கு முன்னால், சத்தம் குறைந்த ஓரிடத்தையும் கூட இருக்க ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். அந்த நேரத்தில் 'ஏன் அடிச்ச?' என்று கேட்க வேண்டாம், அதிகம் பேசவும் வேண்டாம். மற்ற பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள். அவன் அடங்கியதும் வகுப்புக்கே திரும்பக் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறப்புப் பயிற்றுநர்,
திருச்சி மாவட்டம்.