நம்ம வாக்கிங் சங்கம், உடுமலை – ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம்னு தலைவர் ஐயா சொல்லிட்டாரு, அதனால வழக்கமான விசயத்தை மொதல்ல முடிச்சிடறேன். சுதந்திர தினத்துக்கு கொடி ஏத்துனோம், மிட்டாய் குடுத்தோம். கண் முகாம் நடந்துச்சு. கிரவுண்டுல ரெண்டு லைட்டு மாத்துனோம், ஒண்ணு மறுபடியும் எரியல. கோலப்போட்டியில போன வருசம் பரிசு வாங்குன அதே அக்காதான் இந்த வருசமும். செயற்குழு 6 தடவை கூப்புட்டேன், 4 தடவை கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரல.

இப்ப மறையூர் டூர், அதாவது மூணாறு பக்கம் இரவிகுளத்துல வரையாடு பாக்கக் கெளம்பி மறையூரோட நின்ன கதை. "கேட்டு பூட்டியிருக்கறதுகூட செயலாளருக்கு தெரியாதா"ன்னு குரூப்புல ஒருத்தர் போட, அதுக்கு 17 பேர் சிரிப்பு பொம்மை வேற போட்டுட்டாங்க. அதனால நடந்ததை நடந்தபடி பதிவு பண்றேன்.

நான் ஜூலையிலயே சொன்ன தேதி டிசம்பர் ரெண்டாம் சனிக்கிழமை. வரையாடு வால்பாறை ரோட்டுலயே நிக்குதே, அதுக்கு எதுக்கு மூணாறு வரைக்கும்னு கேட்டாங்க. உலகத்துலயே வரையாடு அதிகமா இருக்கறது இரவிகுளத்துலதாங்க. 97 சதுர கிலோமீட்டர், மேல பூரா புல்வெளி, மடிப்புல எல்லாம் சோலைக்காடு, ஆனைமுடி 2,695 மீட்டர், 1978ல இருந்து தேசியப் பூங்கா. இதெல்லாம் அப்பவே குரூப்புல போட்டேன், யாரும் படிக்கல. பேர் குடுத்தவங்க 48 பேர், அட்வான்ஸ் கட்டுனவங்க 11 பேர். வேன்காரர் சும்மா புடிச்சு வெச்சிருப்பாரா? ஜனவரிக்கு தள்ளுனோம். பொங்கல், அப்பறம் ஒரு கல்யாணம், அப்பறம் பிப்ரவரி. பிப்ரவரி, மார்ச்சு வரையாடு குட்டி போடற சமயம், இரவிகுளத்துல நம்மளை மாதிரி ஆளுங்க போற ராஜமலைப் பக்கம் யாரையும் விடமாட்டாங்க. அது எனக்கு தெரியாம இல்லீங்க, 500 ரூபாய்க்கு வீடு வீடா அலைஞ்சதுல மறந்துட்டேன்.

32 சீட்டு வேன்ல 19 பேர் போனோம். ஒன்பதாறு செக்போஸ்ட்டு தாண்டி, சின்னாறு பாலத்துக்கிட்ட டீக்கடைக்காரர்தான் "ராஜமலையா, ஏப்ரல்ல வாங்க"ன்னாரு. வேனுக்குள்ள சத்தமே இல்ல. சரின்னு மறையூர்லயே எறங்கிட்டோம்.

அங்க தான் முனியறை பாத்தோம். நாலு பக்கம் பலகைக்கல்லை நிறுத்தி மேல ஒரு கல்லை மூடி போட்ட மாதிரி, வெறும் பாறை மேல வரிசையா இருக்குது. பாண்டவங்க தங்குனாங்க, முனிவருங்க தங்குனாங்கன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க, ஆனா அது பெருங்கற்காலத்து ஆளுங்க செத்தவங்களுக்கு வெச்ச கல்லறைங்க. நம்ம ரிட்டயர்டு கொத்தனார் அண்ணன் குத்த வெச்சு உக்காந்து கல்லும் கல்லும் சேர்ற எடத்துல நகத்தை விட்டுப் பாத்தாரு. சாந்து இல்ல, சுண்ணாம்பு இல்ல, வெறும் எடைதான். "இதை எத்தனை பேர் சேந்து தூக்கியிருப்பாங்க"ன்னு கேட்டாரு. எத்தனை பேரோ, அன்னிக்கு வரேன்னவங்க வந்திருப்பாங்க.

சந்தனக்காட்டுக்கு கம்பி வேலி. உள்ள நிக்கற மரத்துல வாசமே வராதுங்க, வைரம்னு சொல்ற நடுக்கட்டையில தான் வாசம். சந்தனம் தன் வேரை பக்கத்து மரத்து வேர்ல ஒட்டி சத்து உறிஞ்சித்தான் வளருமாம். நான் யாரையும் சொல்லல.

கரும்பாலையில ஒருத்தர் சூடு ஆறாத பாகை அள்ளி ரெண்டு உள்ளங்கையிலயும் போட்டு உருட்டிட்டு இருந்தாரு, உருண்டையில அவரு விரல் பதிஞ்ச குழி அப்படியே இருந்துச்சு. மறையூர் வெல்லத்துக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு. ஆளுக்கு ரெண்டு கிலோ வாங்குனோம். மறையூரைச் சுத்தி இருக்கற அஞ்சுநாட்டுப் பக்கம், காந்தளூர், காரையூருன்னு எங்க நின்னாலும் தமிழ் தான், நம்மளை விட மரியாதையா பேசறாங்க. அங்கிருந்து வர்ற பாம்பாறு தான் நம்ம அமராவதி டேமுக்கு வருதுன்னு சொன்னப்ப பாதி பேருக்கு நம்பிக்கையே இல்ல. வந்த 19 பேரும் சந்தோசமாத்தான் திரும்புனாங்க. குறை சொன்னது பூரா வராதவங்க.

வரவு செலவு பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு. பேங்க்ல கொஞ்சம் இருக்கு, வேன் பாக்கி கொஞ்சம் இருக்கு, காலி சீட்டு 13க்கு நான் கைக்காசு போட்டதை கணக்குல ஏத்த வேண்டாம்னுட்டேன், ஆனா தெரிஞ்சு வெச்சுக்குங்க. 74 உறுப்பினர்ல சந்தா கட்டுனது 41 பேர். மீதி பேரோட பேரை வாசிக்கலாம்னு இருந்தேன், தலைவர் வேண்டாம்னுட்டாரு. தலைவர், பொருளாளர், கிரவுண்டு வாட்ச்மேன், டீ குடுத்த அக்கா, வேன் டிரைவர் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருசம் செயலாளரா நான் நிக்கற எண்ணம் இல்லீங்க, யாராச்சும் முன்வந்தா சந்தோசம். வரலைன்னா நவம்பர்லயே ராஜமலை. 2018ல குறிஞ்சி பூத்தப்ப மழை வெள்ளத்துல நம்மாளுங்க நெறைய பேரு போக முடியல, அடுத்தது 2030ல தான், அதுக்கும் இப்பவே ஒரு லிஸ்ட் போடலாம்னு இருக்கேன், சந்தா பாக்கி இல்லாதவங்க பேர் மொதல்ல. ரசீது புக்கு பையிலயே இருக்குங்க. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் காபி குடிக்கற வரைக்கும் நான் வாசல் பக்கத்து சேர்லயே தான் உக்காந்திருப்பேன், ஜிபேயும் இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்