உரத்துக்கு நீ அனுப்பிய பணம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. மக்காச்சோளத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அடி இலை எல்லாம் மஞ்சளாகிவிட்டதே அம்மா, உடனே இன்னும் ரெண்டு மூட்டை யூரியா போடுங்க" என்று சொன்னாய். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் நம் காட்டை நினைக்கிறாயே என்று மனசு நிறைந்துபோனது. ஆனால் யூரியா வாங்கவில்லை கண்ணு. மழை வரும்வரை வாங்கவும் மாட்டேன். போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கு கழிந்து விதைத்த பயிர் இது. அடியுரம் போட்டோம், இடையில் களையெடுத்து மேலுரமும் கொடுத்தோம். மண்ணில் சத்து இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. ஏற்காட்டில் மழை என்று செய்தியில் சொல்கிறார்கள், சேர்வராயன் மலை மேல் கருமேகம் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. வாழப்பாடிப் பக்கம் ஒரு தூறல் இல்லை. போர்க்கிணற்று மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினாலே காற்று வாங்குகிறது.

நேற்று ஒரு செடியின் பக்கத்தில் கொத்திப் பார்த்தேன். மேல் மண் ஒரு சாண் ஆழத்துக்குப் பொடியாக உதிர்கிறது. அதற்குக் கீழே லேசாக ஈரம். வேர் அந்த ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிவிட்டது. நாம் போட்ட உரம் பெரும்பாலும் அந்தக் காய்ந்த மேல் மண்ணிலேயே கிடக்கிறது. பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்து, ஆளை அடுத்த அறையில் பூட்டி வைத்த மாதிரி இருக்கிறது பயிரின் நிலைமை. இதில் இன்னும் ரெண்டு கரண்டி சோறு வைத்து என்ன ஆகப்போகிறது?

சத்து வேருக்குப் போய்ச் சேருவதே தண்ணீரால்தான். இலை வழியாக நீர் ஆவியாகும்போது வேர் கீழிருந்து தண்ணீரை இழுக்கும். அந்த ஓட்டத்தோடுதான் யூரியா தரும் தழைச்சத்தில் பெரும்பகுதி வருகிறது. மண் காய்ந்தால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும், இழுப்பு குறையும், தழைச்சத்தின் வரவும் குறையும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இன்னும் மோசம். அது ஓட்டத்தோடு அதிகம் வராது. மண் துகளைச் சுற்றியிருக்கும் ஈரப்படலம் வழியாக மெல்ல நகர்ந்து, வேருக்கு ஒட்டினாற்போல இருப்பதுதான் போய்ச் சேரும். மண் காயக் காய அந்தப் படலம் மெலிந்து அங்கங்கே அறுந்துவிடும், வழியே இல்லாமல் போகும். பொட்டாஷ் தரும் சாம்பல் சத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். உள்ளே வரும் சத்து போதாதபோது பயிர் அடி இலையில் இருக்கும் தழைச்சத்தை உருவி மேலே குருத்துக்கு அனுப்பும். நீ போட்டோவில் பார்த்த மஞ்சள் அதுதான்.

இந்த நேரத்தில் யூரியாவைக் காய்ந்த மண்ணின் மேல் வீசினால், கொஞ்சம் பனி ஈரம் பட்டாலே ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். வேர்ப் பக்கத்தில் கரைந்து நிற்பதோ உப்பு மாதிரி. இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் வேர் எடுக்க விடாது. 45 கிலோ மூட்டையைப் பிரித்துக் காசைக் காற்றில் விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வளர்ச்சியும் இதே தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. இலை நீள்வதற்கு உள்ளே நீரின் அழுத்தம் வேண்டும். பச்சை நிறம் மாறும் முன்பே, வாட்டம் கண்ணுக்குத் தெரியும் முன்பே, இலை வளர்வது நின்றுவிடும். வேர் மட்டும் கொஞ்ச காலம் கீழே போய்க்கொண்டிருக்கும். அதனால் இளம் பயிர் கொஞ்சம் காய்ந்தாலும் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. சோளமும் கம்பும் அப்படியே அடங்கிக் கிடந்து, மழை பெய்ததும் மறுபடி கிளம்பும். கம்பு புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடுகட்டிவிடும். மக்காச்சோளத்துக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது, அதிலும் பூக்கும் நேரத்தில்.

நம் பயிர் இப்போது அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. உச்சியில் ஆண்பூ வந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் கதிரில் நூல் வெளியே வருவது தள்ளிப்போகும். மகரந்தம் கொட்டித் தீர்ந்த பிறகு நூல் வந்து என்ன பயன்? கதிர் பொக்கையாகும். நூல் நேரத்தில் வந்து மணி பிடித்தாலும், வறட்சி நீடித்தால் நுனி மணிகள் கருகிவிடும். இந்த ரெண்டு வாரம் போனால் அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் போன மணி வராது.

அதனால் உன் பணத்தில் பக்கத்துக் காட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சுகிறேன். முழுக் காட்டுக்கும் போதாது. ஒரு பார், அதாவது ஒரு பயிர் வரிசை, விட்டு ஒரு பாருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன், அடுத்த முறை மற்றப் பாருக்கு. அறுத்த கடலைக்கொடியைப் பார் இடையில் பரப்பச் சொல்லிவிட்டேன், மண் சூடாகாமல் இருக்கும். சாயங்காலம் பொட்டாஷ் 1 சதவீதக் கரைசலை, பத்து லிட்டருக்கு நூறு கிராம் கணக்கில், இலையில் தெளிக்கிறோம். இலைத் துளைகள் திறந்து மூடுவதற்குச் சாம்பல் சத்துதான் வேண்டும். வேர் வழியாக வராததை இலை வழியாகக் கொஞ்சமாவது கொடுக்கலாமே. நல்ல மழை பெய்து மண் நனைந்தால், அன்றைக்குப் பயிரின் நிலையைப் பார்த்து யூரியாவைப் பற்றி முடிவு செய்வேன். மிச்சப் பணத்தை அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது அவசரம். கிழக்கு ஓரத்தில் தீவனத்துக்குப் போட்ட சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. வைக்கோல் தீர்ந்துபோனதால் உங்கப்பா அதை அறுத்து மாட்டுக்குப் போடலாம் என்கிறார். வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறியிருக்கும் கண்ணு, மாடு தின்றால் கொஞ்ச நேரத்திலேயே உயிரே போகலாம். மழை பெய்ததும் துளிர்க்கும் குருத்து அதைவிட ஆபத்து. பூத்த பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்தால் அந்த நஞ்சு குறைந்துவிடும். ஆனால் வறட்சியில் தண்டின் அடியில் தேங்கும் நைட்ரேட் என்கிற இன்னொரு நஞ்சு காய்ந்தாலும் போகாது. அதனால் அடித்தட்டை உயரமாக விட்டுத்தான் அறுக்க வேண்டும். நான் சொன்னால் "எனக்குத் தெரியாதா" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவருக்குப் போன் போடு. சீமைப் பசு இப்போது சினையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா