அயோவா தமிழ் நண்பர்களுக்கு, கல்லாவில் நிற்பவளின் மடல்

அன்புள்ள அயோவா வாழ் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. 'நம்ம வரிப்பணத்துல சோடாவும் மிட்டாயும் வாங்கித் தின்னதுக்கு ஒருவழியா முடிவு கட்டிட்டாங்க' என்று. அதன் கீழே வரிசையாகக் கைதட்டல். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால்தான் தனியாக இந்த மடல்.

டெமாயின் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் ஆறு வருடமாகக் கல்லாவில் நிற்கிறேன். நீங்கள் கைதட்டிய அந்த விதி, அதாவது வருமானம் குறைந்த குடும்பங்கள் மளிகை வாங்க அமெரிக்க அரசு தரும் ஸ்நாப் (SNAP) உதவியில் சோடா, மிட்டாய் போன்றவற்றை வாங்கக் கூடாது என்று நம் அயோவா மாநிலம் போட்ட தடை, ஜனவரி 1, 2026 முதல் என் கை வழியாகத்தான் நடக்கிறது. என்ன நடக்கிறதென்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை. எனக்கு முன்னால் இருந்தது ஓர் அம்மாவும் ஏழெட்டு வயதுப் பையனும். வண்டியில் பால், முட்டை, ரொட்டி, கோழித்தொடை, வாழைப்பழம், அப்புறம் ஒரு பெட்டி கடலை, தேன், உலர்பழம் சேர்த்த 'பார்' (bar). பையனின் பள்ளித் தீனிக்கு. எல்லாவற்றையும் பில் அடித்தேன். ஸ்நாப் பணம் ஏறியிருக்கும் இபிடி (EBT) கார்டை இழுத்தார். மொத்தமும் கழிந்து, அந்தப் பெட்டியின் விலை மட்டும் திரையில் பாக்கி நின்றது. "இது கார்டில் போகாதும்மா" என்றேன். "ஏன்? இது மிட்டாய் இல்லையே?" என்று கேட்டார். "இதில் மாவு இல்லை" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் அப்படியே பார்த்தார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். பர்ஸில் இருந்த சில்லறையை எண்ணினார், போதவில்லை. பெட்டியை என்னிடமே திருப்பித் தந்தார். பையன் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஏன் மாவு என்று கேட்டீர்களானால், அதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற சில மாநிலங்கள் சோடா, மிட்டாய் என்று பெயர் சொல்லித் தடுத்தன. நம் அயோவா, வருவாய்த் துறை எந்த உணவுக்கெல்லாம் விற்பனை வரி போடுகிறதோ அதையெல்லாம் தடுத்துவிட்டது. அந்த வரிச் சட்டத்தில் மிட்டாய் என்றால் இனிப்புச் சேர்த்துச் செய்த, மாவு கலக்காத பண்டம். ஆகவே மாவில் செய்த வேஃபர் மேல் சாக்லேட் பூசிய பார் 'மிட்டாய்' இல்லை, அது கார்டில் போகும். கடலையும் தேனும் உருட்டிய பார் மிட்டாய், போகாது. குளிர்பானமும் அப்படித்தான். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்ட டயட் சோடாவும் தடை. மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வாங்கலாம், தடையே இல்லை. வரி வசூலுக்காக என்றைக்கோ எழுதிய வகைப்பாட்டை எடுத்துச் சத்துணவுக்கு அளவுகோலாக வைத்தால் இப்படித்தான் ஆகும். உணவுப் பொருளில் நல்லது கெட்டது பிரித்துப் பட்டியல் போடுவது எவ்வளவு சிக்கல் என்று, ஸ்நாப்பை நடத்துகிற அமெரிக்க வேளாண் துறையே 2007இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருந்தது. சந்தையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், வருடத்துக்குச் சுமார் 12,000 புதுசு என்று அதிலேயே இருக்கிறது. நியூயார்க் நகரம் சோடாவைத் தடுக்க அனுமதி கேட்டபோது, 2011இல் அதே துறை மறுத்தது. 2025 மே மாதத்தில் நெப்ராஸ்காவுக்கு முதலில் அனுமதி கிடைத்தது, அதே மாதம் நமக்கும்.

சோடா நல்லது என்று நான் சொல்லவரவில்லை. சர்க்கரை நோய் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். என் அப்பாவுக்குக் கால் விரல் எடுத்தார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும், பழம் தின்ன வேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிட அக்கறை குறைவில்லை.

ஆனால் 'அவங்க' மட்டும்தான் சோடா குடிக்கிறார்கள் என்ற பேச்சு பொய். 2016இல் வேளாண் துறை வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஸ்நாப் குடும்பங்களின் கூடையையும் மற்றவர்கள் கூடையையும் ஒப்பிட்டது. மளிகைச் செலவில் குளிர்பானத்துக்குப் போனது ஸ்நாப் வீட்டில் டாலருக்கு 5 சென்ட் போல, மற்ற வீட்டில் 4 சென்ட் போல. இந்த ஒரு சென்ட் வித்தியாசத்துக்குத்தான் நம் குழுவில் அத்தனை கைதட்டல். தினமும் உங்கள் கூடைகளையும் நான்தான் அடிக்கிறேன், அதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

'அவங்க' யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்நாப் வாங்குபவர்களில் ஐந்தில் இரண்டு பேர் பிள்ளைகள், ஐந்தில் ஒருவர் முதியவர். 2024இல் ஆளுக்கு மாதம் சராசரியாக 187 டாலர் கிடைத்தது, நாளுக்கு 6 டாலர் சொச்சம். எனக்கு அடுத்த கல்லாவில் நிற்கிற தோழியும் அந்தக் கார்டு வைத்திருப்பவர்தான். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, சமைக்கத் தெம்பில்லாமல், கடையிலேயே சுட்டு வைத்த கோழியை வாங்க நினைத்தாலும் முடியாது. சூடான உணவுக்கு ஸ்நாப் செல்லாது என்பது நாடு முழுக்க இருக்கிற பழைய விதி.

உண்மையிலேயே நல்ல சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்றால் வழி தெரியாமல் இல்லை. மாசசூசெட்ஸில் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12இல் சோதித்துப் பார்த்தார்கள். காய்கறி, பழம் வாங்கினால் டாலருக்கு 30 சென்ட் கார்டிலேயே திரும்பி வந்தது. அவ்வளவுதான். யாரையும் எதையும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. இந்தச் சலுகை கிடைக்காத ஸ்நாப்காரர்களைவிட 26 சதவீதம் அதிகமாகக் காயும் பழமும் சாப்பிட்டார்கள். நம் மாநிலத்திலும், ஸ்நாப்பில் காய்கறி, பழம் வாங்குபவர்களுக்கு மேலும் காய்கறி, பழம் வாங்கக் கூடுதல் பணம் தருகிற 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' இருக்கிறது, ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. அதை எல்லாக் கடைக்கும் கொண்டுவர யாரும் இவ்வளவு வேகம் காட்டவில்லை. சிக்கனமாகச் சத்தாகச் சமைக்கக் கற்றுத்தந்த ஸ்நாப்-எட் திட்டத்துக்கும் 2025இல் வந்த சட்டம் பணத்தை நிறுத்திவிட்டது. பிள்ளைகள் உடம்பு மேல் அக்கறை என்று சொல்லிக்கொண்டே இதைச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பையில் என்ன இருக்கிறதென்று யாராவது எட்டிப் பார்த்தால் எப்படிக் கூசியது என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களில் ஓட்டுரிமை உள்ளவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நாலு வரி போதும். வரிப் பட்டியலை விட்டுவிட்டு, 'டபுள் அப்' திட்டத்தை எல்லா மளிகைக் கடைக்கும் விரிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை.

அன்புடன்,
உங்கள் மளிகையை அடித்துத் தருகிற ஒருத்தி