செல்போனில் விண்ணப்பிக்க வேண்டாம் என்ற இயக்குநர் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய தொலைநிலைக் கல்வி இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலையில் உங்கள் அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். கால நீட்டிப்பு, தாமதக் கட்டணம் இரண்டையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'மாணவர்கள் செல்பேசி வழியாக விண்ணப்பிப்பதைத் தவிர்த்து, மேசைக் கணினியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அந்த வாரம் தளம் என்ன பாடு படுத்தியது, உதவி எண்ணுக்கு எத்தனை பேர் அடித்து ஓய்ந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வாங்கவில்லை. அந்தக் கடைசி வரிக்காக மட்டும்தான் இந்த மடல்.

நான் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் ஜெராக்ஸ் கடையும் பிரௌசிங் சென்டரும் வைத்திருப்பவன். உங்கள் மாணவன் இல்லை. ஆனால் உங்கள் மாணவர்களில் ஒரு பகுதியை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர்கள். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவர்கள், துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நிற்கிறவர்கள், பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர்கள். நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டில் மேசைக்கே இடமில்லை, மேசைக் கணினிக்கு எங்கே போவது? போன் இருக்கிறது. பாடம், பாட்டு, ஊருக்குப் பணம் அனுப்புவது, குழந்தையின் பள்ளி வாட்ஸ்அப் குழு எல்லாம் அதில்தான். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கலாம் என்று நீங்கள் விளம்பரம் செய்தது இவர்களுக்குத்தான். உங்கள் சேர்க்கைத் தட்டியில் சிரிக்கும் அந்தப் பெண் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். செல்போன்தான்.

கடைசி நாளன்று இரவு ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தார். தாராபுரம் பக்கத்துக்காரர், பி.காம் இரண்டாம் ஆண்டு, செக்கிங் வேலை. "அண்ணா, மத்தியானச் சோத்து நேரத்துல இருந்து போட்டுப் பார்க்கறேனுங்க, காசு கட்டற இடத்துக்கு வந்தா எல்லாம் அழிஞ்சு போயிருதுங்க" என்றார்.

போனை வாங்கி நானே செய்து பார்த்தேன். பெயர், பதிவு எண், தாள் குறியீடுகள், புகைப்படம், கோணல்மாணலான கேப்சா எழுத்து எல்லாம் போட்டாகிவிட்டது. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது தளம். அந்த எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திப் பக்கம் போக வேண்டும். குறைந்த விலைப் போனில் நினைவகம் குறைவு. ஒன்றைத் திறந்தால் பின்னால் இருப்பதை அது கழற்றிவிடும். திரும்பி வந்தால் உங்கள் பக்கம் முதலில் இருந்து ஏறுகிறது. படிவம் மொத்தமும் காலி. ஓடிபி கையில் இருக்கிறது, அதைப் போடக் கட்டம் இல்லை. மறுபடி பெயர், மறுபடி தாள் குறியீடு, மறுபடி கேப்சா. கொஞ்ச நேரத்தில் 'அதிக முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வரவும்' என்று கதவைச் சாத்திவிட்டது.

அதையும் ஒருவழியாகத் தாண்டினால் பணம் கட்டும் பக்கம். யூபிஐ இருக்கிறது, நல்லது. ஆனால் என்ன வருகிறது தெரியுங்களா ஐயா? ஒரு கியூஆர் கோடு. அவர் போனின் திரையிலேயே. அதை எந்தப் போனால் ஸ்கேன் செய்வது? ஐந்து நிமிடக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. வடிவமைத்தவர் எதிரே கணினியும் கையில் போனும் உள்ளவரை மட்டுமே நினைத்திருக்கிறார். அந்தப் பெண் சாயங்காலம் டீ நேரத்தில் அதையும் ஒரு வழி பண்ணியிருக்கிறார்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் பேயில் அந்தப் படத்தைத் திறந்து, பணத்தை அனுப்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பக்கம் புதிதாக நிற்கிறது. 'விண்ணப்பம் முழுமையடையவில்லை.' சனிக்கிழமை வாங்கிய சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, விண்ணப்பம் இல்லை. என் கடைக் கணினியில் உட்கார்ந்து மறுபடி கட்டுவதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டி, தாமதக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. முதலில் போன பணம் 'பணி நாட்களில்' திரும்பி வருமாம். வரட்டும்.

இதற்கு நீங்கள் கண்டுபிடித்த தீர்வு, செல்பேசியைத் தவிர்க்கவும்.

ஐயா, இது விண்வெளி ஆராய்ச்சி இல்லை. நிரப்பிய ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த நேரமே உங்கள் சர்வரில் சேமித்துவைத்தால், பக்கம் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறுஞ்செய்தியில் வந்த எண்ணை, அனுமதி கேட்டுவிட்டு, நேராகக் கட்டத்தில் போடும் வசதி ஆண்ட்ராய்டு குரோமில் 2020 முதல் இருக்கிறது. பக்கத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். கியூஆருக்குப் பதிலாக, தொட்டால் பணச் செயலியைத் திறக்கும் பொத்தான் ஒன்றை வைத்தால் போதும். இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி 2008இலேயே எழுதிவைத்திருக்கிறது: நேரக்கெடு வைத்தால், முடிவதற்கு முன் எச்சரியுங்கள், நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுங்கள், 10 தடவையாவது நீட்டிக்க விடுங்கள் என்று. 320 பிக்சல் அகலத் திரையிலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018இல் சேர்த்தது. மத்திய அரசும் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2009இல் வெளியிட்டு, 2023இல் மூன்றாம் பதிப்பு வரை வந்து, செயலிகளையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. உங்கள் தளத்தின் அடியில் இன்னும் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 1024க்கு 768 திரையில் பார்க்க உகந்தது' என்று இருக்கிறது. அந்த எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாப்டே 2022 ஜூனில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். விண்ணப்பம் தொடக்கம் முதல் ரசீது வரை ஒரே போனில் முடிய வேண்டும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

உங்கள் தளம் சரியானால் எனக்குத்தான் நட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்துக்கு 50 ரூபாய் வாங்குகிறேன். தேர்வுக் கட்டண வாரம் எங்களைப் போன்ற கடைகளுக்குத் தீபாவளி. பிறந்த தேதி போட உங்கள் நாட்காட்டியில் மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டியிருக்கிறது. முப்பது வயதுக்காரர் கடுகளவு அம்புக்குறியை 360 தடவை தொட வேண்டும். புகைப்படம் 20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள். போன் கேமரா எடுப்பதோ 3, 4 எம்பி. சுருக்கும் வேலையைத் தளமே செய்துகொள்ளலாம். செய்யாததால் நான் செய்து காசு வாங்குகிறேன். ஆனால் எனக்கே உறுத்தும் ஒன்று உண்டு. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி படித்துப் படித்துச் சொல்கிறது. உங்கள் அறிவிப்பின்படி நடக்கும் பிள்ளைகள், கடையில் பத்துப் பேர் நிற்கும்போது அதை எனக்கு உரக்க வாசிக்கிறார்கள். கடவுச்சொல்லை என் நோட்டிலேயே எழுதி வைக்கச் சொல்கிறார்கள், அடுத்த பருவத்துக்கு ஆகுமே என்று. ஆதார் அட்டை, மாற்றுச் சான்றிதழ், கையெழுத்து எல்லாம் என் கணினியில் இறங்கிக் கிடக்கின்றன. ராத்திரி கடை சாத்தும் முன் நான் அழித்துவிடுகிறேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? மேசைக் கணினிக்குப் போ என்றால், இந்தப் பிள்ளைகளுக்கு அது அடுத்தவர் கணினி என்றுதான் பொருள்.

பாடப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தபாலில் வர வேண்டிய புத்தகம் வருவதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. அதனால் தளத்தில் இறக்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். சரி. இறக்கினால் ஒரு தாளுக்கு 60 எம்பிக்கு மேல் பிடிஎஃப். திறந்து பார்த்தால் எழுத்து இல்லை, பக்கம் பக்கமாகப் படம். யாரோ கணினியில் அடித்து, அச்செடுத்து, கட்டிய புத்தகத்தை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். எந்தப் போனிலும் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடு எழுத்துமுறையில், இணையத்தில் வழங்கும் வடிவில், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பக்கத்துக்கு 1,800 குறி என்று வைத்தால் 200 பக்கப் புத்தகம் மொத்தமே 1 எம்பி சொச்சம்தான் வரும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல். முதலில் அடித்த கோப்பு உங்கள் அச்சகத்திலோ பேராசிரியர் பென்டிரைவிலோ இன்னும் இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், ஒரு சொல்லைத் தேடலாம், போனை வாசிக்கச் சொல்லிக் காதில் மாட்டிக்கொண்டே பஸ்ஸில் கேட்கலாம். இப்போது என்ன நடக்கிறது? ஒவ்வொரு வரிக்கும் படத்தைப் பெரிதாக்கி, வலது கோடி வரை இழுத்து, மறுபடி இடது கோடிக்கு வந்து, அடுத்த வரி எதுவென்று தேட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் துணியில் ஓட்டை பார்த்த கண் ஐயா அது.

போன வருடம் செயலி விட்டீர்கள். விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், புகைப்படங்கள் வந்தன. இறக்கிப் பார்த்தால் அதே தளம் அதே கோலத்தில் ஒரு சட்டகத்துக்குள் திறக்கிறது. பழைய பனியனுக்குப் புது லேபிள் தைத்து ஏற்றுமதி செய்தால் எங்கள் ஊரில் ஆர்டரே திரும்பி வந்துவிடும். இதற்கு ஒப்புதல் கொடுத்த கூட்டத்தில் யாருடைய போனிலாவது திறந்து பார்த்தீர்களா? குளிரூட்டிய அறையில், சுவர் அகலத் திரையில் பார்த்துத் தலையாட்டியிருப்பீர்கள். அதில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். முகப்பில் துணைவேந்தர் படம், அப்புறம் பட்டமளிப்பு விழாப் படம், அப்புறம் மரக்கன்று நடும் படம் என்று சுற்றிச் சுற்றி வரும் அந்தப் படங்கள் ஏறி முடித்த பிறகுதான் 'மாணவர் உள்நுழைவு' தலையைக் காட்டும். மலைமேல் தாளவாடியிலிருந்து படிக்கிற பையன் ஒருவன் சிக்னல் வரும் மேட்டைத் தேடி ஏறி நின்று அந்த மரக்கன்று வளரும் வரை காத்திருக்கிறான். முடியாவிட்டால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சத்தியமங்கலத்துக்கு வர வேண்டும். அவனுக்கும் 'மேசைக் கணினியைப் பயன்படுத்தவும்'தானே பதில்? உங்களை மட்டும் சொல்லவில்லை. பட்டா முதல் ரேஷன் அட்டை வரை எல்லா வேலையையும் இணையத்துக்கு மாற்றினார்கள். வரிசை என்னவோ அலுவலக வாசலிலிருந்து என் கடை வாசலுக்கு மாறியிருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் பொறுப்பாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்; அன்று இரவு உதவி எண்ணில் கடைசியாகக் கிடைத்த அம்மையார் தன் சொந்த எண்ணிலிருந்து திரும்பக் கூப்பிட்டு விவரம் கேட்டார். அவரிடம் இருந்த அக்கறையில் ஒரு பங்கு தளத்தை எழுதிய நிறுவனத்துக்கும் இருந்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இல்லை.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவக் கட்டண அறிவிப்பு வருவதற்குள், விண்ணப்பம் தொடக்கம் முதல் ரசீது வரை ஒரே போனில் முடியும்படி செய்யுங்கள். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். கடைசி நாள் முடிவதற்குள் பணம் போய், தளத்தின் கோளாறால் தாமதக் கட்டணமும் கட்டியவர்கள் யார் யார் என்பது உங்கள் கணக்கிலேயே தெரியும். அவர்கள் மனுப் போடும் வரை காத்திராமல் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். பாடங்களில் முதலாண்டுத் தாள்களையாவது எழுத்தாக ஏற்றுங்கள், மற்றவை மெதுவாக வரட்டும். அந்த ஒரு வரி அறிவிப்பை இன்றைக்கே எடுத்துவிடலாம், அதற்குச் செலவே இல்லை.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் மென்பொருள்காரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு அனுப்பிவையுங்கள். கம்பெனிக்கு அரை நாள் லீவு, பிள்ளைகள் தங்கள் போனோடு வந்து உட்காருவார்கள். டீயும் போண்டாவும் என் செலவு.

இப்படிக்கு,
பெருமாநல்லூர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன்