கூறியது கூறல் எப்போதும் குற்றமா? பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

தமிழ்ப் பாடநூலும் கணிதப் பாடநூலும் எழுதுகிற ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

புதிதாக ஒன்றும் சொல்லாத கூற்று என்ற ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்களை நீங்கள் தனித்தனியாக நடத்திவிட்டுப் போகிறீர்கள், அதில்தான் எனக்கு வருத்தம். இலக்கண வகுப்பில் கூறியது கூறல் என்பது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று, அவ்வளவுதான். கணித வகுப்பில், கூற்றுகள் மெய்யாகவும் பொய்யாகவும் இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் வரிசை வரிசையாக எழுதிப் பார்க்கும் மெய்மை அட்டவணையின் கடைசி நிரலில் எல்லாமே மெய் என்று வந்தால் அது மெய்மம், சரி, அடுத்த கணக்கு. இது எதற்கு உதவும் என்று யாரும் சொல்வதில்லை.

‘மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை’ என்பது எந்த நாளிலும் உண்மை, அதனாலேயே வானிலையைப் பற்றி அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியாது. தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் 1921-இல் சொன்னதும் இதுதான். ஆனால் ‘மழை பெய்தால் தரை நனையும், மழை பெய்கிறது, ஆகவே தரை நனையும்’ என்ற வாதத்தை எடுத்து, முதல் இரண்டும் உண்மையானால் மூன்றாவதும் உண்மை என்று ஒரே கூற்றாக எழுதி அட்டவணை போட்டுப் பாருங்கள், ‘மழை பெய்கிறது’, ‘தரை நனையும்’ என்ற இரண்டு அடிப்படைக் கூற்றுகளுக்கு உரிய நான்கு வரிசையிலும் மெய் வரும். ஒன்றுமே சொல்லாத அந்தக் கூற்றுதான் வாதத்தைத் தாங்குகிறது! இதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா? அடிப்படைக் கூற்றுகள் கூடினால் வரிசைகள் இரட்டித்துக்கொண்டே போகும், மூன்றுக்கு 8, பத்துக்கு 1024. எவ்வளவு பெரிய கூற்றானாலும் அது மெய்மமா என்று வேகமாகக் கண்டுபிடிக்கப் பொதுவான வழி உண்டா என்பது கணினி அறிவியலில் இன்றும் தீராத கேள்வி.

அப்புறம் மொழிக்கு வருவோம். மீமிசை, உயர்ந்தோங்கு போல ஒரே பொருள் தரும் சொற்கள் சேர்ந்து வரும் ஒருபொருட் பன்மொழியை நன்னூலே ஏற்றுக்கொள்கிறது. ‘சட்டம் சட்டம்தான்’ என்று ஒருவர் சொன்னால் தர்க்கப்படி அதில் செய்தி இல்லை, கேட்டவருக்கோ விதிவிலக்கு கிடையாது என்பது உடனே புரிந்துவிடுகிறது.

உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றுமே சொல்லாத கூற்று செய்தி போல வேஷம் போட்டு வருவதற்குத்தான். ‘திறமைசாலிதான் ஜெயிப்பான்’ என்கிறார்கள், யார் திறமைசாலி என்று கேட்டால் ஜெயித்தவன் என்கிறார்கள். தோற்ற ஒருவரைக் காட்டி இதை மறுக்கவே முடியாது, அவருக்குத் திறமை இல்லை என்று முடித்துவிடுவார்கள். விளம்பரத்திலும் மேடையிலும் இந்த வகைதான் நிறைய.

அடுத்த பதிப்பில் இரண்டு நூலிலும் ஒரே பயிற்சியை வையுங்கள்: பத்து வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தச் சூழ்நிலையில் பொய்யாகும் என்று கேளுங்கள்.