தொடர்பேட்டுக்குக் கைகொடுத்த உங்களுக்கு

அனர்த்த நேரத்தில் உதவுபவர்களின் பெயரும் நம்பரும் அடங்கிய நம் தொடர்பேடு அச்சாகி வந்துவிட்டது. ஹப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நேற்றே கொடுத்து அனுப்பிவிட்டோம். கை ஓய்ந்ததும் முதலில் நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

டித்வா புயல் நேரத்தில் நாம் பட்டதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உதவ ஆட்கள் இருந்தும் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தோமே, அதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. செஞ்சிலுவைச் சங்கம், சர்வோதயம், கோயில் சபைகள், பன்சலை (பௌத்த விகாரை), பள்ளிவாசல், தேவாலயம், இளைஞர் மன்றங்கள் என்று கையில் கிடைத்த பெயர்களையும் நம்பர்களையும் எல்லாம் ஒரே பட்டியலாக்கினோம்.

அதைப் போட்டோகொப்பி எடுக்கப் போன கடையில்தான் அந்தச் சிங்களத் தங்கை, எங்களுக்கு நங்கி, இருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளைப் படித்துவிட்டு, "இந்த நம்பருக்கெல்லாம் பேசிப் பார்த்தீங்களா அண்ணா?" என்று கேட்டார். கடையில் ஆள் குறைந்த நேரத்தில் தன் போனில், தன் ரீலோட்டில், ஒவ்வொன்றாக அழைக்கவும் தொடங்கினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் மண் சரியவும் இல்லை. சிங்களத்தில் அவர் பேசியதால், எங்களுக்கு "நாளைக்கு எடுங்க" என்று சொல்லியிருக்கக்கூடிய இடங்களில்கூட நின்று பதில் சொன்னார்கள். செத்துப்போன நம்பர்களை வெட்டினார். மாற்றலாகிப் போன அதிகாரிகளின் இடத்தில் புதியவர்களின் பெயரை எழுதினார். உலருணவு தருவார்களா, தறப்பாள் தருவார்களா, மண் அள்ள ஆள் அனுப்புவார்களா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்தார். அப்புறம் அவராகவே ஓரத்தில் ஒரு கோடு போட்டு, இன்னொரு கேள்வியையும் சேர்த்தார்: இரவில் எடுப்பார்களா?

இந்தப் புத்தகத்தின் உயிரே அந்த வரிசைதான். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால், வெளியேறச் சொல்லும் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கைக்கான அளவு வந்துவிடும். அது நடுச்சாமத்திலும் தாண்டலாம். லயத்து வரிசை வீட்டில் பிள்ளைகளோடு நிற்பவருக்கு அப்போது தேவை, எடுக்கும் நம்பர். அதனால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் சுவசெரிய அம்புலன்ஸின் 1990ஐயும் அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறோம். காசு கொடுக்கப் போனபோது நங்கி வாங்கவில்லை. பெயரைப் போடவும் சம்மதிக்கவில்லை. எங்கள் சனம் எல்லோர் சார்பிலும் உங்களுக்கு நன்றி, நங்கி.

டிவிஷன் டிவிஷனாக நடந்து விவரம் சேர்த்த தோட்டத் தலைவர்மார், கிராம உத்தியோகத்தர்கள், தமிழிலும் சிங்களத்திலும் பிழை பார்த்த ஆசிரியர்கள், அச்சுக்கூலியைக் குறைத்தவர், மூட்டைகளை ஏற்றிச் சென்ற ஓட்டோ தம்பிமார் எல்லோருக்கும் நன்றி.

மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29இல் மண் சரிந்து சனத்தைப் புதைப்பதற்கு முன்னரே, அது ஆபத்தான இடம் என்று சொல்லப்பட்டிருந்தது. போக இடமில்லாமல் சனம் அங்கேயே இருந்தது. நிவாரணம் கொடுப்பவர்களின் பட்டியல் மட்டும் நமக்குப் போதாது. அதனால்தான், சுவரிலும் மலையிலும் வெடிப்பு கண்டால் வந்து பார்க்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை முதல் பக்கத்தில் வைத்தோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மழைக்கு முன்னர் எல்லா நம்பருக்கும் மீண்டும் அழைப்போம். இனி அந்த வேலையும் ரீலோட் செலவும் எங்களுடையவை. இடையில் ஏதாவது நம்பர் மாறினால் உங்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், எங்களுக்கு வந்து சேரும்.