ராத்திரில ‘டர்ட்’ வேண்டாம்டா

கண்ணா,

வாட்ஸ்அப்ல என்ன கேட்டாலும் நீ வெறும் கட்டைவிரல் போடறதால மெயிலே எழுதிடலாம்னு உக்காந்தேன். சண்டை போட இல்ல, பாட்டு விஷயம்தான். ரெண்டு பேரும் ஒரே அக்கௌன்ட்லதான கேக்கறோம், சாயங்காலம் நாலு மணிக்கு காபி கலந்துட்டு இங்க ப்ளே அமுக்கினா வேற போன்ல ஓடுதுன்னு காட்டுது, என்னன்னு பாத்தா ஆலிஸ் இன் செயின்ஸ் பேண்டோட ‘டர்ட்’ ஆல்பம். நேத்தும் அதான், முந்தாநாளும் அதான். சியாட்டில்ல அப்ப மணி மூணரை. தூங்கறதே இல்லையா நீ?

நல்ல ஆல்பம்தான், குறை சொல்லல. 92ல வந்தது, சின்ன மாமா கேசட் தேயத் தேய போட்டதுல எனக்கு எல்லாமே மனப்பாடம். லெய்ன் ஸ்டேலியும் ஜெரி கான்ட்ரெல்லும் சேந்து பாடறப்ப எது யார் குரல்னே பிரிக்க முடியாது, அப்படி அப்புறம் யாரும் பாடல. ஆனா பாதி பாட்டு போதைப் பழக்கத்தப் பத்தி, தனியா இருட்டுல கேக்கற சமாச்சாரம் இல்ல. பகல்ல கேளு. மாமா கதவ சாத்திக்கிட்டு கேட்டது உனக்குத் தெரியும், நான் அதுக்குள்ள போகல.

கேட்டே ஆகணும்னா ‘ரூஸ்டர்’ கேளு. ஜெரி அவங்கப்பாவுக்காக எழுதினது, வியட்நாம் போருக்குப் போனவர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் சரியா ஒட்டல, கடைசில அந்த வீடியோல அப்பாவே வந்து பேசறார். இல்லன்னா அதே பேண்டோட ‘ஜார் ஆஃப் ஃப்ளைஸ்’ போடு, 94, ஏழே பாட்டு, அமெரிக்க ஆல்பம் லிஸ்ட் பில்போர்ட்ல வந்தவுடனே முதல் இடம் பிடிச்ச முதல் ஈபி, அதான் சின்ன ஆல்பம். மெதுவா போகும், தூக்கம் வரும். அதுல ‘நோ எக்ஸ்க்யூசஸ்’ டிரம்ஸ நீ ப்ளஸ் டூல ஸ்கூல் விழாவுல வாசிச்சியே, எனக்குத் தலை கால் புரியல அன்னிக்கு. அவ்ளோ நல்ல கை, அங்க போய் ஒரு ப்ராக்டிஸ் பேட் கூட வாங்கல, கேட்டா டைம் இல்லங்கற, மூணரைக்கு முழிச்சிருக்க மட்டும் டைம் இருக்கு.

சியாட்டில் ஆல்பம்னா எனக்கு ‘டெம்பிள் ஆஃப் தி டாக்’தான், நிர்வாணா பேண்ட் எல்லாம் அப்புறம். பாடகர் ஆண்ட்ரூ வுட் 90ல இறந்து போனப்ப அவரோட ரூம்மேட், அவரும் பாடகர்தான், கிறிஸ் கார்னெல் தாங்க முடியாம பாட்டு எழுதி, ஃப்ரெண்ட்ஸ எல்லாம் கூப்ட்டு சேந்து பண்ணினது. கூப்ட்டான் பாரு, அது. அந்த கார்னெலும் அப்புறம்... சரி விடு.

லெய்ன் போனது உன் ஊர்லதான், 2002 ஏப்ரல், அவன் வீட்டுலயே. ரெண்டு வாரம் யாருக்கும் தெரியல. பேங்க்ல பணமே எடுக்கலன்னு கணக்கு பாக்கறவங்க கவனிச்சு, அப்புறம்தான் அவங்கம்மா காதுக்குப் போச்சு. ஏன் இத எழுதறேன்னு கேக்காத. பக்கத்து அபார்ட்மென்ட்ல அந்த கோயம்புத்தூர் பையன் இருக்கான்ல, அவன் நம்பர் அனுப்பு, இன்னிக்கே.

போன மாச விஷயம் அப்பாகிட்ட இன்னும் சொல்லல, ஆபீஸ்ல பிஸின்னு சமாளிக்கறேன். ஞாயித்துக்கிழமை நீயே பேசு, வீடியோல வா, லைட்டப் போட்டுட்டு. சாப்பிடு. ‘டர்ட்’ பகல்ல.

அம்மா